விழுங்கியபின் பெயர் சொல்ல வேண்டும்

கொய்னாத் தண்ணீர் கசக்கும், ஐயா. அதை நானே ஒப்புக்கொள்வேன். மலாயாவில் லாயாங் லாயாங் ரயிலடிக்கு அப்பாலுள்ள ரப்பர் தோட்டத்தில் இந்த அமலதாஸ் பதினோரு வருஷமாக டிரெஸ்ஸர், டாக்டர் வராத நாளெல்லாம் மருந்து கொடுக்கிறவன். மலேரியா ஆளை அள்ளிக்கொண்டு போகிற இடம். விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், வரிசையாக நிற்கிறவர்கள் வாயில் கொய்னா ஊற்றுவது என் வேலை. விழுங்கியதும் ஒவ்வொருவரும் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். மருந்தை வாயில் அடக்கிவைத்துத் துப்புகிறவனால் பெயர் சொல்ல முடியாதல்லவா? அது என் ஏற்பாடு. தோட்டத்துத் துரையே மெச்சினார்.

அன்று அர்ச்சுனன் என்ற பால்வெட்டுக்காரன் பெயர் சொல்லவில்லை. துப்பினான்.

“முந்தின தோட்டத்துல இதக் குடிச்சுத்தான் ஒண்ணுக்கு கறுப்பாப் போச்சுங்கய்யா. இனிமே தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

ஆளுக்கொரு சாக்கு வைத்திருப்பார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. மூக்கைப் பிடித்து ஊற்றினேன். பெயரைச் சொன்னான்.

மத்தியானமே குளிர்சுரம். அவன் மனைவி அங்கம்மா புட்டியில் சிறுநீரைக் கொண்டுவந்து காட்டினாள். பால் விடாத கோப்பி ஓ நிறம். கொய்னா சிலருக்கு இப்படிச் செய்யும், சிறுநீரகத்தையே அடைத்துவிடும் என்று படித்திருக்கிறேன். பயந்துவிட்டேன். மறுநாள் சொட்டுச் சொட்டாக வந்தது. அதற்கடுத்த நாள் அதுவும் நின்றது.

“குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கய்யா, ஒங்க புள்ளகுட்டிங்க நல்லாருக்கும்,” என்று அங்கம்மா காலைப் பிடித்தாள்.

ரயில் தினமும் இருந்தது. ஆனால் கொய்னா கொடுத்தது யார் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். எனக்கு மூன்று பெண்கள், ஐயா.

“நாளைக்கு டாக்டர் இங்கயே வர்றாரும்மா,” என்றேன். அது பொய்யில்லை, வந்தார்.

வெள்ளைக்கார டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அங்கம்மா அழுது சொன்னதையெல்லாம் நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். காய்ச்சல் குறையவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். சிறுநீரைக் கேட்டார். அர்ச்சுனனிடம் கேட்டு என்ன பயன்? அவன் பெயர் ஒட்டிய புட்டியில் என்னுடையதைப் பிடித்து வைத்திருந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, வெறும் மலேரியாதான், கொய்னாவைத் தொடர்ந்து கொடு என்றார்.

டாக்டர் உத்தரவை மீற டிரெஸ்ஸருக்கு அதிகாரம் ஏது? கரண்டியோடு கட்டிலருகே போனேன். முகம் வீங்கி, கண் மஞ்சளாகி, ஆள் அடையாளமே தெரியவில்லை. பாவமாகத்தான் இருந்தது. இந்தத் தடவை மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே, “அர்ச்சுனன்,” என்றான். சாயங்காலம் இறந்துபோனான்.

என்மேல் கோபம் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பானா, ஐயா?