பதினாலு பேருக்கு ஒரு குரல்

அட, அதைக் கழட்டாதீங்க தம்பி. நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லல. உங்க காதுல மாட்டியிருக்கறதுலேருந்து எனக்கும் லேசா கேக்குது, அவ்வளவுதான். இந்தப் பாட்டுல இதோ இப்ப ஒருத்தி மேல ஏறிப்போய் ஒரு கத்து கத்துவா பாருங்க. கத்தினாளா? அது நான்தான்.

சிரிங்க சிரிங்க. இந்தக் கரகரத் தொண்டையை வச்சுக்கிட்டு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. உங்க போன்ல என்ன பேரு போட்டிருக்கு? கேரன் ஃப்ளாஷா? ஆமா, நான்தான். பெக்கி மூன் கேட்டிருக்கீங்களா? அதுவும் நான். டோனா வெலோர்? அவளும். மொத்தம் பதினாலு பேரு. என் சொந்தப் பேரு ஃபியொரென்சா கண்டோல்ஃபி. அந்தப் பேர்ல மட்டும் ஒரு பாட்டுகூட வரல.

ரயில் எங்க போயிடப் போகுது, உக்காருங்க. சுஸ்ஸாரா தாண்டி முக்கால் மணி நேரமா ஒரே இடத்துல நிக்குது. சிக்னல் கோளாறாம். வெளிய பாருங்க, யாரோ ஜன்னலுக்கு வெள்ளைத்துணி போட்டு மூடின மாதிரி பனி. மோடெனா போய்ச் சேர மத்தியானம் ஆயிடும். உங்களுக்கு அவசரமா? எனக்கு இல்லப்பா. எனக்கு அவசரமே இல்ல.

நான் அப்ப காலுறை ஃபேக்டரியில இருந்தேன். காஸ்தெல் கோஃப்ரெதோவுல பொண்ணாப் பொறந்தா வேற எங்க போறது, நைலான் காலுறைதான். எண்பத்தி மூணு, எனக்கு இருபத்திரெண்டு வயசு. ஞாயித்துக்கிழமை மட்டும் நடன மண்டபத்துல அக்கார்டியன்காரங்களோட நின்னு பாடுவேன். வயசானவங்க ஜோடி ஜோடியா வால்ட்ஸ் ஆடுவாங்கல்ல, அதுக்கு. அங்கதான் மலவாசி வந்தாரு. ஒத்தொரீனோ மலவாசி, பாட்டு ரெக்கார்டு போடறவரு. பன்னி வளத்த கொட்டகையைக் கழுவி விட்டுட்டு உள்ள ஸ்டூடியோ கட்டியிருந்தாரு. மழை பேஞ்சா பழைய வாடை கிளம்பும், நாங்க எல்லாரும் அது தெரியாத மாதிரி இருப்போம்.

இங்கிலீஷ் தெரியுமாம்மான்னாரு. தெரியாதுன்னேன். எனக்கும் தெரியாது, நல்லதாப் போச்சுன்னாரு. பேப்பர்ல நம்ம உச்சரிப்புல எழுதிக் குடுத்துடுவாரு, அப்படியே படிக்கணும். அர்த்தமா? ரொம்ப வருஷம் கழிச்சு என் தம்பி மக காலேஜ்ல இங்கிலீஷ் படிச்சுட்டு வந்து ஒரு பாட்டைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. என்னடின்னா, அத்தை, உன் ராத்திரிக்கு நான் சக்கரம், என் நெருப்பைச் சாப்பிட்டுப் போன்னு பாடியிருக்கீங்கங்கறா. நானும் அழுது அழுது பாடியிருக்கேன் அதை!

அப்ப எல்லாம் அப்படித்தான். மிலன்லேருந்து ரிமினி வரைக்கும் எவனெவனோ கொட்டகையில உக்காந்து மெஷின் தாளம் போட்டு, அமெரிக்காக்காரி பேரு மாதிரி ஒண்ணு வச்சு ரெக்கார்டு விட்டாங்க. பாடறது ஒருத்தி, ரெக்கார்டு அட்டையில படமா நிக்கறது ஒருத்தி. எனக்கு அட்டைக்கு வந்தவ பேரு லூவானா. ப்ரெஷ்யாவுல பல் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் எழுதிக்கிட்டு இருந்தா. என்ன அழகுங்கறீங்க! டி.வி.ல அவ வாயை அசைப்பா, நான் வீட்ல பூசணிக்காயை வேகவச்சுக்கிட்டே பாப்பேன். எங்க அம்மா, ஏண்டி இந்தப் பொண்ணு குரல் உன் குரல் மாதிரியே இருக்குல்லன்னாங்க. ஆமாம்மான்னேன். வேற என்ன சொல்றது? வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து.

நாலஞ்சு வருஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் எண்பத்தி எட்டு வாக்குல பொசுக்குன்னு அணைஞ்சுபோச்சு. ஜெர்மனிக்காரன் வேண்டாங்கறான், ஸ்பெயின்காரன் வேண்டாங்கறான். அமெரிக்காவுலேருந்து வேற மாதிரி சத்தம் வந்துடுச்சு, எல்லாரும் அதுக்கு ஓடிட்டாங்க. மலவாசி ஸ்டூடியோவுல தக்காளிப் பெட்டி அடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாரு. நானும் சரி, இதோட முடிஞ்சுது, மறுபடி நம்ம பேர்ல மண்டபத்துல பாடலாம்னு நினைச்சேன்.

அப்பத்தான் ஜப்பான்காரங்க ரெண்டு பேர் வந்தாங்க. கோட்டு சூட்டு, கூட மொழிபெயர்க்க ஒரு அம்மா. மலவாசி வீட்டுக்காரி மாவுக்குள்ள பூசணிக்காய் வச்சு தொர்தெல்லி பண்ணிப் போட்டாங்க, தட்டை வழிச்சுச் சாப்பிட்டாங்க. டோக்கியோவுல இன்னும் இந்தப் பாட்டுக்குத்தான் ஆடறாங்களாம். எங்களுக்கு இது வெறும் டிஸ்கோ, அவங்கதான் யூரோபீட்ங்கறாங்க. மலவாசி பழைய பாட்டு ஒண்ணைப் போட்டுக் காட்டினாரு. தலையை ஆட்டினாங்க. கொஞ்சம் வேகமா இருக்கலாமேன்னு மொழிபெயர்க்கற அம்மா சொன்னாங்க. அவர் மெஷின்ல குமிழைத் திருகினாரு. இன்னும். திருகினாரு. இன்னும். நிமிஷத்துக்கு நூத்தி இருபது அடி இருந்த தாளம் நூத்தி அம்பதைத் தாண்டிடுச்சு. இதுல எவ பாடுவா, நாக்கு சுளுக்கிக்கும்னாரு மலவாசி. அப்புறம் எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க.

பன்னெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். பேரெல்லாம் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். சொந்தப் பேர்ல எங்கயும் பாடக்கூடாது. படிச்சுப் பாத்துத்தான் போட்டேன், யாரும் ஏமாத்தல. திங்கக்கிழமை காலையில காலுறை மெஷின் முன்னாடி போய் நிக்க வேண்டாம்ல, அது ஒண்ணுதான் மண்டையில ஓடிச்சு.

பாடற அறை எவ்வளவு பெருசு தெரியுமா? இதோ நம்ம ரெண்டு சீட்டு. கையை நீட்டினா ரெண்டு பக்கமும் சுவரு, சுவர் பூரா கம்பளி. ஜன்னல் கிடையாது. ஃபேன் போட்டா சத்தம் டேப்ல ஏறிடும், அதனால அதுவும் கிடையாது. ரெக்கார்டிங் இருக்கற நாள்ல மூணு பாட்டு. காலையில கேரன், அவ கோவக்காரி. சாப்பாட்டுக்கு அப்புறம் பெக்கி, அவ குழந்தை மாதிரி. சாயங்காலம் டோனா, அவளுக்கு மட்டும் தொண்டையில கொஞ்சம் சிகரெட் வேணும். அந்த வேகத்துல மூச்சு எடுக்க இடமே இல்ல. திருட்டுத்தனமா எடுப்பேன். அப்புறம் மலவாசி டேப்பை வச்சுக்கிட்டு நான் மூச்சு விட்ட இடமெல்லாம் தேடித்தேடி வெட்டுவாரு. இப்ப உங்க காதுல ஓடுதே, நல்லா கேளுங்க. நாலு நிமிஷம், ஒரு மூச்சு இருக்காது. உயிரோட இருக்கறவ பாடின மாதிரியா இருக்கு?

தொண்ணூத்தி ரெண்டுல என் தம்பி கல்யாணம். பழைய மண்டபம், அதே அக்கார்டியன்காரர். மைக்கை நீட்டி, வா ஃபியொரென்சா, ஒரு பாட்டுன்னாரு. எல்லாரும் கை தட்டறாங்க. மலவாசியும் விருந்தாளியா மூணாவது மேஜையில உக்காந்திருக்காரு. மொறைக்கல, ஒண்ணும் பண்ணல. தலையை மட்டும் இப்படி, லேசா, இல்லன்னு ஆட்டினாரு. யாராவது வீடியோ எடுத்துட்டா? நான் தொண்டை சரியில்லன்னுட்டேன். கூடப்பொறந்தவன் கல்யாணத்துல பாடமாட்டியா, அப்படி என்ன ராங்கி உனக்குன்னு அம்மா கேட்டாங்க. சாகற வரைக்கும் அவங்களுக்கு அந்த வருத்தம் இருந்துச்சு.

ஜப்பானுக்கா? போனேனே. ஒரே ஒரு தடவை, தொண்ணூத்தி நாலுல. லூவானாவுக்கு முடி அலங்காரம் பண்றவன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்கு சீப்பு பிடிக்கவே ஒழுங்கா வராது. ஆயிரக்கணக்குல பொண்ணுங்க. வரிசை வரிசையா நிக்கறாங்க, காலை அசைக்கல, கை மட்டும்தான். இப்படி, இப்படி, தோள்ல, நெத்தியில, மேல. ஒருத்தி கூட தப்பு பண்ணல, ஒருத்தி கூட சிரிக்கல. மேடையில லூவானா வாயை அசைக்கறா. நான் ஓரமா கூட்டத்துல நின்னேன். சும்மா இருக்க முடியல, நானும் கையை ஆட்டிப் பாத்தேன். பக்கத்துல இருந்த பொண்ணு, இருபது வயசு இருக்கும், என் மணிக்கட்டைப் பிடிச்சு அப்படி இல்ல, இப்படின்னு திருத்தினா. என் பாட்டுக்கு, தம்பி! என் பாட்டுக்கு எனக்குத் திருத்தறா. இது நான்தாம்மான்னு நம்ம பாஷையில சொன்னேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவ என்ன புரிஞ்சுக்கிட்டாளோ, எனக்கும் பிடிக்கும்ங்கற மாதிரி தன் நெஞ்சைத் தொட்டு, குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு மறுபடி ஆடப் போயிட்டா.

ஓட்டல் ரூமுக்கு வந்தா, லூவானா குளிக்கற தொட்டியில துணியோட உக்காந்து அழறா. எனக்கு எரிச்சலா வந்துச்சு. உனக்கு என்னடி கேடு, பூங்கொத்து பூரா உனக்குத்தானே வந்துச்சுன்னேன். அவ சொன்னா, பத்து வருஷமா உன் வாய் என் மூஞ்சியில இருக்கு ஃபியொரென்சா, வீட்ல தனியா பாத்திரம் கழுவறப்பகூட முணுமுணுக்கப் பயமா இருக்கு, யாராவது கேட்டுடுவாங்களோன்னு. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. அந்தக் கம்பளி அறையில என்கூட அவளும்தான் நின்னுக்கிட்டு இருந்திருக்கா. அதுலேருந்து நாங்க ஒண்ணு. இன்னிக்கு வரைக்கும் வாரம் தவறாம போன் பேசுவோம்.

ஒப்பந்தமா? முடிஞ்சுது, ரெண்டாயிரத்துல. அதுல பாருங்க, அப்பத்தான் பாட்டு இன்னும் பெருசாகுது. மலைப்பாதையில காரை வழுக்கி வழுக்கி ஓட்டற கார்ட்டூன் ஒண்ணுல எங்க மாதிரி பாட்டெல்லாம் போட்டு, உலகம் பூரா சின்னப்பசங்க... நீங்களும் அதைப் பாத்துத்தானா? அதானே பாத்தேன்.

நான் வெளிய வந்தேன். சொந்தப் பேரு. மண்டபத்துல போஸ்டர்கூட ஒட்டினாங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு போய் நின்னேன், மெதுவான வால்ட்ஸ் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஒரு வரி பாடி, அடுத்த வரிக்கு முன்னாடி காத்திருக்கணும். அந்த ரெண்டு விநாடி, தம்பி, என்னால நிக்க முடியல. முன்னாடியே எடுத்துடறேன். அக்கார்டியன்காரர் என்னைத் துரத்தறாரு, ஆடறவங்க கால் தடுமாறுது. ஒரு கிழவர், தன் சம்சாரத்தோட காலை மிதிச்சுட்டு என்னை ஏறிட்டுப் பாத்தாரு பாருங்க. மரியாதைக்குக் கை தட்டினாங்க. பன்னெண்டு வருஷத்துல எனக்கு மெதுவாப் பாடறது மறந்தே போச்சு.

அடுத்த வாரம் நானே மலவாசி வீட்டு மணியை அடிச்சேன். அவர் ஒரு கேள்வி கேக்கல. பேப்பரை எடுத்துட்டு வந்தாரு, இன்னொரு எட்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அதைத்தான் நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. முதல் தடவை மாட்டினது சின்னப்பொண்ணு, சரி. ரெண்டாவது தடவை, கதவு திறந்துதான் இருந்துச்சு. நானே உள்ள போய் சாத்திக்கிட்டேன்.

மலவாசி போய் பத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. கொட்டகையில இப்ப டயர் அடுக்கி வச்சிருக்காங்க. போன செப்டம்பர்ல ஒரு கடிதம் வந்துச்சு. ஜப்பான்லேருந்து ஒருத்தர், போஸ்ட் ஆபீஸ்ல வேலையாம், பதினாலு பேரோட பாட்டையும் வரிசையாக் கேட்டு, எல்லாம் ஒரே ஆள்னு கண்டுபிடிச்சிருக்காரு. எப்படின்னா, ர சொல்றப்ப நாக்கு ஒரு இடத்துல மாட்டுதாம். இருநூத்திப் பதினாலு பாட்டு, பட்டியல் போட்டு அனுப்பினாரு. மேல என் பேரு, எங்க தேடிப் பிடிச்சாரோ. ஃபியொரென்சா கண்டோல்ஃபி. ஒரு எழுத்து தப்பில்ல. மே மாசம் டோக்கியோவுல விழாவாம், வந்து நிக்கணுமாம். நான் அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தேன், நடந்தேன், அடுப்புல வச்ச பால் பொங்கினதுகூடத் தெரியல.

போறேன் போறேன், சொல்லிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், லூவானாவும் வரணும், ரெண்டு பேர் பேரும் போடணும். அவளுக்கு அறுபத்தஞ்சு ஆகுது, முட்டி வேற வலி, ஆனா புதுசா ஹை ஹீல்ஸ் வாங்கிட்டா! பாட்டு டேப்லேருந்து ஓடும். நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு வாயை அசைக்கப் போறோம். அவ எனக்கு வீட்ல வச்சு சொல்லிக்குடுக்கறா. அது ஒண்ணும் அவ்வளவு சுலபமில்லீங்க, கண்ணாடி முன்னாடி நின்னா உதடு பின்னாடியே ஓடுது. என் பாட்டுக்கே என் உதடு!

ஏன் நானே பாடக்கூடாதா? நல்லாக் கேட்டீங்க போங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மோடெனாவுல எனக்கு ஆபரேஷன். குரல்வளையை எடுக்கறாங்க, முழுசா. இன்னிக்கு மத்தியானம் போய்ச் சேரணும். இல்ல, பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேச்சு மட்டும்தான் போகும். அதான் காலையிலேருந்து கண்ல பட்டவங்ககிட்ட எல்லாம் பேசிக்கிட்டே இருக்கேன். காப்பிக் கடையில, டிக்கெட் பாக்கறவர்கிட்ட, இப்ப உங்ககிட்ட. ரயில் இன்னும் கொஞ்ச நேரம் நின்னாலும் பரவாயில்ல.

உங்க பேரைக் கேக்கவே இல்லையே நான். எலீயாவா? எலீயா. எலீயா... சொல்றதுக்கு நல்லா இருக்கு தம்பி, பேரு.