பச்சை வளையம்

நீங்கள் வாங்கித் தந்த தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடிக்கலாம்.

என் பெயர் ஆம்ப்ரோஸ். பிடோக்கில் தனியாக இருக்கிறேன். ஜூரோங்கில் ஹைட்ரஜனில் ஒரு வேனை ஓட்டிப் பார்த்தார்களே, அந்தப் பட்டறையில் சிலிண்டர்களுக்கு நான்தான் பொறுப்பு. வாயு இரண்டு இடங்களிலிருந்து வரும். எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வருவது சுத்தம். அந்தச் சிலிண்டரின் கழுத்தில் பச்சைப் பெயிண்டால் வளையம் அடிப்பேன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் சின்னத் தொழிற்சாலையிலிருந்து வருவதில் சில நேரம் ஆக்சிஜன் கலந்துவிடும். கலந்தால் ஒரு பொறி போதும். அதற்குச் சிவப்பு. அது சோதனைக்குப் போகும், வண்டிக்குப் போகாது.

இந்த முறையை உண்டாக்கியவன் நான். வெளியே பார்த்தால் எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்கே பிறந்தது என்று தெரியாத வாயுவை வண்டியில் ஏற்றக்கூடாது. எஞ்சினியர் பாலகிருஷ்ணனுக்கு அது தொந்தரவாகப் பட்டது.

"கேஸ்னா எல்லாம் ஒரே கேஸ்தான்லா, ஆம்ப்ரோஸ். அடுத்த மாசத்துலேருந்து இந்தப் பெயிண்ட் வேலையெல்லாம் வேணாம்," என்றார்.

நான் வாதாடவில்லை. ஒரு தடவை ஏதாவது நடந்தால், வாயு எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள், அப்போது என் வளையத்தின் அருமை புரியும் என்று தோன்றியது. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

வேனை ஓட்டியவர் லாசரஸ். தங்கமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரும் மனைவி பிலோமினம்மாளும் என்னைச் சிராங்கூன் ரோட்டுக்கு அழைத்துப்போய்த் தோசை வாங்கித் தருவார்கள். பட்டறையில் என் வளையத்தை மதித்தவர் அவர் ஒருவர்தான். என்னிடம் கேட்காமல் ஒரு சிலிண்டரையும் ஏற்றமாட்டார்.

இன்னொரு டிரைவரும் இருந்தான். அவன் எதையும் கேட்கமாட்டான். யோசித்துப் பார்த்தேன். அவன் ஓட்டி ஏதாவது ஆனால், கவனக்குறைவு என்று அவன் தலையிலேயே போட்டு மூடிவிடுவார்கள். லாசரஸை அப்படி யாரும் சொல்ல முடியாது. அதனால் அவருடைய முறை வரும்வரை பொறுத்திருந்தேன்.

சிவப்பாக இருந்தால் லாசரஸ் தொடமாட்டார். ஆகவே அவர் முறை வந்த அன்று காலை ஒரு சிலிண்டரின் சிவப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பச்சை அடித்தேன். காய்ந்து கொஞ்ச நேரத்தில் வந்தார்.

"அண்ணே, இது எங்கேருந்து வந்தது?"

"நல்ல எடத்துலேருந்துதான். ஏத்திக்குங்க."

தலையாட்டிவிட்டு ஏற்றிக்கொண்டார். வேன் பட்டறை வாசலைத் தாண்டவில்லை. உடைந்த கண்ணாடியையெல்லாம் நானே கூட்டி அள்ளினேன். மற்றவர்கள் கிட்டவே வரவில்லை.

லாசரஸின் அடக்கத்தின்போது பிலோமினம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இருக்கிற எடத்துலயே இப்படி ஆயிருச்சேண்ணே," என்றார். ஆறுதலாக ஏதோ சொன்னேன். இப்போதும் பூசையில் அவர் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.

ஒன்றைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. பெயிண்ட் தீயில் கருகிவிடும், வளையமில்லாத சிலிண்டரால் வந்த வினை என்று எழுதுவார்கள் என நினைத்தேன். கழுத்துப் பக்கம் அப்படியே இருந்திருக்கிறது. போன வாரம் விசாரணை முடிவு வந்தது. பச்சை அடித்த சிலிண்டரிலேயே கெட்ட வாயு இருந்ததால் இந்த வளைய முறையை நம்ப முடியாது, நிறுத்திவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

லாசரஸின் உயிர் வீணாகிவிடக் கூடாது. என் முறையில் ஒரு குறையும் கிடையாது, ஐயா. அந்தப் பச்சை தவறி அடித்ததல்ல, தெரிந்தே அடித்தது. இதை மட்டும் அறிக்கையில் திருத்தச் சொல்லுங்கள்.