ஞானேஸ்வரன் அண்ணையின்ரை வாய்க்கால்

இல்லை அண்ணை, என்ரை பிள்ளை வேலையை விடமாட்டா எண்டு நான் சொல்லேல்லை. ஏன் விடோணும் எண்டுதான் கேட்டனான். கேள்வி வேறை, மறுப்பு வேறை. எத்தினையோ வருசம் வகுப்பிலை நிண்டு படிப்பிச்சவள் நான். ஒரு கேள்விக்கு மறுமொழி வராமல் அடுத்ததுக்குப் போறேல்லை. வடிவாச் சாய்ஞ்சு இருங்கோ, ஞானேஸ்வரன் அண்ணை. நுனியிலை குந்தியிருக்கிறியள். எங்கட லண்டன் நோர்பரி வீட்டுக் கதிரையளுக்குச் சம்பந்தம் பேச வந்த ஆளைக் கடிக்கிற பழக்கம் இல்லை.

சாதகம் பொருந்தீட்டுது எண்டியள், சந்தோசம். பிள்ளையள் ரெண்டுபேரும் சித்திரையிலை, ஊரிலை சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னாலை ரோட்டிலை இருந்த நாளையிலை பழகினவை. உங்கட மிதுலன் சாப்பாட்டுப் பார்சல் குடுத்தவராம், என்ரை கௌசி வேண்டிச் சாப்பிட்டவவாம். அதுக்குப் பிறகு நாங்கள் சாதகம் பாத்தது ஒரு மரியாதைக்கு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சாத்திரியாருக்கும் தெரியும். அதுதான் மனிசன் அவ்வளவு கெதியாய்ப் பொருத்தினது.

எல்லாம் பொருந்திப் பிள்ளையின்ரை வேலை மட்டும் பொருந்தேல்லை. ஆய்வுகூடத்திலை இருந்து மீன் முட்டையை உத்துப் பாக்கிறது ஒரு வேலையோ எண்டு கேக்கிறியள். அதை விட்டிட்டு உங்கட பண்ணை ஒப்பீசிலை வந்து இருக்கட்டாம். நீங்கள் பெரிய ஆள்தான், நான் இல்லையெண்டேல்லை. ஹொலண்டிலை தக்காளிக் கூடாரத்திலை வேலை பழகி, இஞ்சை வந்து, எம் இருபத்தஞ்சு ரோட்டுக்கு அங்காலை கண்ணாடிக் கூடாரம் போட்டு, தோர்ண்டன் ஹீத் கடையளுக்கெல்லாம் கத்தரிக்காயும் பாவக்காயும் குடுக்கிறியள். நானும் வேண்டிச் சமைக்கிறனான். ஒரு புள்ளி இல்லை, ஒரு பூஞ்சணம் இல்லை. காய்ச்சதோ, கடைஞ்செடுத்ததோ எண்டு சில நேரம் யோசிக்கிறனான்.

பிள்ளை என்ன செய்யிறா எண்டு தெரியாமல் விடச் சொல்லுறியளோ, தெரிஞ்சு சொல்லுறியளோ? சரி, தெரியாதெண்டே வைப்பம். அது வரி போட்ட சின்ன மீன். முட்டை கண்ணாடி மாதிரி. உள்ளுக்கை கரு வளருறதை அப்பிடியே பாக்கலாம். எனக்கும் ஒருநாள் காட்டினவ. நேற்றைக்கு ஒரு பொட்டாய்க் கிடந்தது இண்டைக்கு முள்ளந்தண்டு வைச்சு, இருதயம் துடிக்குது. நல்ல தண்ணியிலை கிடந்தால் பொரிச்சு வெளியிலை வந்து, அம்பு மாதிரி ஓடும். பூஞ்சண மருந்து கலந்த தண்ணியெண்டால் இருதயத்தைச் சுத்தி நீர் கோக்குது. முள்ளந்தண்டு வளையுது. பொரிக்கப் பிந்துது. பொரிச்சதும் நேராய் நீந்தத் தெரியாமல் நிண்ட இடத்திலை சுத்துது. எல்லா மருந்தும் அப்பிடி எண்டில்லை. எந்த மருந்து, எவ்வளவு கலந்தால் எண்டு பாக்கிறதுதான் அவவின்ரை வேலை.

என்ன சொன்னனீங்கள்? பூஞ்சணத்துக்கு அடிக்கிறது மீனை ஒண்டும் செய்யாதோ? ஓ, மருந்துப் பேணியிலை பூஞ்சணம் எண்டு எழுதியிருக்கிறபடியால், மீனைக் கண்டால் அது ஒதுங்கி வழி விடுமாக்கும். நல்ல ஒழுக்கமான மருந்து. என்ரை வகுப்பிலை அப்பிடி ஒரு பிள்ளையை நான் காணேல்லை. ஊரிலை வெங்காயத்துக்கு அடிச்சனியள், ஒண்டும் நடக்கேல்லை. ஓம். வெங்காயப் பாத்தியிலை மீன் ஆர் வளத்தது, நடந்ததைப் பாக்கிறதுக்கு?

ஓ, உங்கட குளத்து மீன். போன மாசம் எங்களைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினியள். பாருங்கோ ரீச்சர், என்ன கொழுப்பாய்த் திரியுது, மருந்து கொல்லுமெண்டால் இது உயிரோடை இருக்குமோ எண்டு கேட்டியள். விருந்துக்குப் போன இடம், நான் வாய் திறக்கேல்லை. இண்டைக்குக் கேக்கிறன். அதிலை ஒண்டெண்டாலும் அந்தக் குளத்திலை பிறந்ததோ? கடையிலை வேண்டி விட்டது. சரி. குஞ்சு? ஒண்டுமில்லை. ஏன் இல்லை? நாரையோ! வருசா வருசம் வந்து ஒரு முட்டை மிச்சம் விடாமல் தின்னுது, ஆனால் கொழுத்த மீனைத் தொடாது. அப்பிடி ஒரு நாரை இங்கிலாந்திலை இருந்தால் மகாராணி கூப்பிட்டுப் பட்டம் குடுக்கோணும்.

எங்கையோ பிறந்து, எலும்பு நேராய் வளந்து, பிறகு வந்து சேந்ததுகள் எதையும் தாங்கும், அண்ணை. நீங்களும் நானும் தாங்கேல்லையோ? முட்டைக்குள்ளை கிடக்கிறதுக்குத்தான் எழும்பி ஓட ஏலாது.

அண்டைக்கு இன்னொண்டும் பாத்தனான். மருந்து அடிச்சு முடிச்ச தாங்கியைக் கழுவி, பக்கத்திலை ஓடுற வாய்க்காலுக்கை ஊத்தினியள். ஊரிலை கிணத்தடியிலை கழுவின கை, தானாய்ப் போகுது. அந்தத் தண்ணி திரும்பக் கிணத்துக்கைதான் போனது, அதை நாங்கள்தான் குடிச்சனாங்கள், அதை விடுவம். உங்கட வாய்க்கால் குளத்துக்குப் போய், குளத்திலையிருந்து ஆத்துக்குப் போகுது. ஹொலண்டிலையும் இப்பிடித்தான் ஊத்தினனியளோ? முதலாளி ஏசுவான். ஆ, இஞ்சை நீங்கள்தானே முதலாளி. உங்களை ஆர் ஏசுறது?

கௌசியும் பாத்தவ. அடுத்த கிழமை நீங்கள் ஃபோன் எடுத்து, கலியாணம் எண்டால் வேலையை விடோணும் எண்டியள். முதல் கழுவி ஊத்தினது, பிறகு ஃபோன். நான் இந்த ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாக்கக் கூடாதோ? கோவிக்காதேங்கோ. கூடக் கதைக்கிறன் எண்டு எனக்கும் தெரியும்.

பிள்ளையோ? ஓம், சனிக்கிழமை லீவுதான். நீங்கள் வாறியளெண்டு அறையிலை சீலை உடுத்துக்கொண்டிருக்கேல்லை, வேலையாய் வெளியிலை போனவ. தண்ணி எடுக்க. எங்கையோ? உங்கட வாய்க்காலுக்குத்தான்.

களவாயோ? என்ரை பிள்ளை பூட்டின கேட் பாயிறவ இல்லை. மிதுலன்தான் திறந்துவிட்டவர். பண்ணையிலை பாதி அவரின்ரை பேரிலைதானே இருக்கு? தாங்கி கழுவுற இடத்திலை ஒரு போத்தில், குளத்திலை ஒண்டு, ஆத்திலை விழுற இடத்திலை ஒண்டு. முழங்கால் தண்ணியிலை இறங்கி நிண்டு பிடிச்சுக் குடுக்கிறதும் அவர்தான். கலியாணத்துக்கு முதல் இதுக்கொரு வழி பாக்கோணும் எண்டதும் அவர்தான், கௌசி வாயே திறக்கேல்லை.

கார்த் திறப்பைத் தேடாதேங்கோ, அண்ணை. இப்ப வெளிக்கிட்டாலும் இந்த ட்ரபிக்கிலை குறொய்டன் தாண்ட மாட்டியள். அவை முடிச்சுக்கொண்டு இஞ்சைதான் வருவினம். காலமை மிதுலன் ஃபோன் எடுத்தவர். அப்பா உங்களிட்டை வாறார், கொஞ்ச நேரம் எழும்பவிடாமல் கதைச்சுக்கொண்டிருங்கோ மாமி எண்டார். இவ்வளவு நாளும் ரீச்சர் எண்டு கூப்பிட்ட பிள்ளை, மாமி எண்டிட்டுது. பிறகு நான் கதைக்காமல் என்ன செய்யிறது?