காயாத விரிப்புகள்

ஊட்டியில் ஆடி மாதம் துணி காயாது. பெர்ன்ஹில்லில் என் வீட்டுக் கொடியிலேயே நாலு நாள் ஈரம் நிற்கும். ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கேட்கவே வேண்டாம். அதிலிருந்து தொடங்கினால்தான் சார், உங்களுக்கு விளங்கும்.

பொன்னுத்துரை நெல்லியாளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் தொழிலாளி. பக்கவாதத்தில் விழுங்க முடியாமல் போனதால் மூக்குக் குழாய் வழியாகச் சத்துக் கரைசல் கொடுத்தோம். மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு. குழாயில் உணவு போகிறவர்கள் பலருக்கு இது வரும். டாக்டர் வசந்த்குமார் பதறவில்லை. "மெதுவா விடுங்க மாலதி, கரைசலையும் மாத்திப் பாக்கலாம். ஒரு வாரத்துல சரியாயிரும்" என்றார்.

ஒரு வாரம் என்று சொல்லிவிடலாம். நாளுக்கு ஏழெட்டு முறை துடைத்தவள் நான். புரட்டும்போதெல்லாம் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அழுவார். பதினான்கு வருட நர்ஸ் வேலையில் அப்படியொரு கூச்சத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பகலில் மட்டும் ஐந்து வேளை உணவு, ஐந்தும் என் கையால்தான். முதலில் கரைசலைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு வெறும் தண்ணீர். வேறு யாரும் கெடுத்துவிடக்கூடாதென்று அவர் இருந்த மூன்று வாரமும் லீவு எடுக்கவில்லை.

போக்கு நின்றது. "ஃபீட் ஒத்துக்கிச்சு" என்று டாக்டர் அளவைக் கூட்டினார். நானும் அவர் கட்டில் அட்டையில் கூட்டி எழுதினேன். கரைசலைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன்.

பொன்னுத்துரைக்கு வலது கை நன்றாக இருந்தது. வேளை வந்தால் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவார். குழாயைப் பிடுங்கிவிடுவாரோ என்று கையைக் கட்டிலோடு கட்டினேன். வலிக்காமல்தான் கட்டினேன்.

அவர் மனைவி தெய்வம்மாவுக்கு என்மேல் உயிர். "எங்க ஆள இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கீங்களே சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து சுமந்தவர், தராசில் வைக்கும் முன்பே கிலோவைச் சொல்லிவிடுவாராம். ஒருநாள் கணவரைப் புரட்ட என்னோடு கைகொடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சிஸ்டர், போன வாரத்துக்கு இப்ப ரொம்பக் கனம் கொறையுதுங்களே."

"வீக்கம் வடியுதுங்கம்மா."

நம்பிவிட்டார்.

பொன்னுத்துரை இறந்த காலையில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற இரண்டு பேர் வந்தார்கள். தெய்வம்மா அவர்களை விலக்கிவிட்டுத் தனியாகவே தூக்கினார். "ஒரு கொழுந்து மூட்டை கனங்கூட இல்லீங்க டாக்டர்" என்றார். டாக்டர் என் அட்டையை எடுத்துப் பார்த்தது அப்போதுதான்.

வாக்குமூலத்தில் பட்டினி போட்டுக் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். நான்தான் செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது சார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் போனபோது கீழே விரிப்பு காய்ந்திருந்தது. ஒரு கறை இல்லை.