நிமிர்ந்து உட்கார்ந்த ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தவுடன் காப்பி குடிக்காமல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று உங்களுக்குத் தெரியாது. எலும்புப்புரைக்கான மாத்திரை அப்படி. வாரத்துக்கு ஒன்று, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. விழுங்கிய பிறகு படுக்கக் கூடாது, சாயவும் கூடாது. நானும் அக்காவும் கூடத்தில் எதிரெதிர் நாற்காலியில் பொம்மை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவோம்.

அக்கா தட்டச்சுப் பள்ளி நடத்தியவள். கூன் போட்டு உட்காரும் பிள்ளைகளின் முதுகில் அடிஸ்கேலால் தட்டித் தட்டியே பாதித் தெருவை நிமிர்த்தியவள். அதனால் அவளுக்கு இதெல்லாம் லேசு. நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெளிவேன்.

என் வேலை எலும்புப்புரைக்குக் காரணமான மரபணுக்களைத் தேடுவது. எங்கள் அம்மா கதவு நிலையில் லேசாக இடித்துக்கொண்டதற்கே கை முறிந்தவர். ஊரார் ரத்தத்திலெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் சொந்த ரத்தத்தைப் பார்த்தேன். அதுவரை யாரும் கண்டிராத ஒரு மாற்றம், அம்மாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் துள்ளிக் குதித்தேன். தனக்கு நோய் வரப்போவது தெரிந்து குதித்த முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாத்திரை எலும்பைத் தாங்கிப் பிடித்துவிடும். இருவருமே சாப்பிட்டால், அந்த மரபணு தன் போக்கில் எலும்பை எவ்வளவு அரிக்கும் என்பது தெரியாமலே போய்விடும். ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெறும் மாவு என்றால் தெரிந்துவிடும். இரண்டே பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வருடா வருடம் மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே அதுதான். ஆனால் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே என் பெயரை மனசுக்குள் அச்சடித்துப் பார்த்துவிட்டேன். அது அழகாக இருந்தது.

யாருக்கு மாவு என்பதை நான் முடிவு செய்யவில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளனின் விருப்பு வெறுப்பு கலக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி. சீட்டுக் குலுக்கிப் போட்டேன். மாவு அக்காவுக்கு வந்தது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆய்வு கெட்டுவிடும்.

மாத்திரை வாங்கி வருவது எப்போதும் என் பொறுப்பு. மாவு மாத்திரையை அச்சு அசலாக அதே வடிவில் நானே வார்த்தெடுத்தேன். ஆண்டுதோறும் அவள் எலும்பின் அடர்த்தியையும் நானே அளந்தேன். கோடு அழகாகச் சரிந்தது. முதலில் மணிக்கட்டு போனது. பிறகு முதுகெலும்பு நசுங்கிக் கூன் விழுந்தது. அப்போதும் ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்தாள்.

"நாந்தான் சரியா நிமிர்ந்து உக்காரலையோ என்னவோடா. அதான் மருந்து பிடிக்கல போல," என்றாள்.

எழுந்துபோய் அவள் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தேன். அக்கா என்றால் எனக்கு உயிர்.

போன மாதம் அந்த நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பு முறிந்து அங்கேயே சரிந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். இத்தனை வருடம் மருந்து சாப்பிட்டவளின் எலும்பா இது என்று டாக்டருக்குச் சந்தேகம். மாத்திரை டப்பாவைக் கேட்டார். கொடுத்தேன். ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது?

கொலை என்கிறீர்கள். சரி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சீட்டுப் போட்டதையும் சேர்த்து எழுதுங்கள். முதல் தடவை மாவு எனக்குத்தான் வந்தது. சீட்டைச் சரியாக மடிக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம். அது தீரும்வரை மறுபடி மறுபடி குலுக்கினேன்.