நாலாவது லைன்

கைய எடுங்க சார், தோள்லேர்ந்து. பாராட்டணும்னா தள்ளி நின்னே பாராட்டலாம். செல்ஃபியும் வேணாம், டீயும் வேணாம். நீங்க குடிங்க.

இன்னா கேட்டீங்க? யாரு எழுதிக் குடுத்தாங்களா? யாரும் எழுதல. இது அந்த மாதிரி நாடகம் இல்ல சார். கீழ ஒக்காந்துகினு இருக்கறவங்க ஒரு வார்த்த குடுப்பாங்க, அத வெச்சிக்கினு நாங்க அங்கியே நடிச்சாவணும். இன்னிக்கி ‘லீவு’ன்னு வார்த்த குடுத்து கத்தினது நீங்கதான? மூணாவது வரிசையில, கால் மேல கால் போட்டுக்கினு.

ஆமா, ஞாயித்துக்கெழமயானா இங்கதான், இந்த டியூஷன் சென்டர் மாடியில ப்ராக்டிஸ். மத்த நாளு வேலைக்குப் போறேன். எங்கயா? அப்பால சொல்றேன், இன்னா அவசரம்.

மொதல்ல எனக்கு ஒண்ணியும் வராது. ஏறினா கல்லு மாதிரி நிப்பேன். எங்களுக்குச் சொல்லிக்குடுக்கற மோகனப்ரியா அக்கா வெச்சி வாங்கும். உன் மூஞ்சில கண்ணு மட்டும்தான்டா ஆடுது, வாயி, கன்னம்லாம் செத்துப்போச்சாங்கும். நாள்பூரா மூஞ்ச மூடிக்கினு வேல செய்றவனுக்கு வேற எப்டி இருக்கும்? கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். அப்பவும் ஒருத்தனும் சிரிக்கல. கூட நடிக்கற தீனா எதனா சொல்லுவான், நான் பதிலு யோசிச்சிக்கினே நிப்பேன். யோசிக்காதடான்னு அக்காதான் சொல்லிச்சி. அவன் சொல்றத காதுல வாங்கு, உனக்கு நல்லா தெரிஞ்ச ஆளு ஒருத்தன் அங்க இருந்தா இன்னா சொல்லுவானோ அதச் சொல்லுன்னுச்சி.

இன்னிக்கி அதான் செஞ்சேன். நீங்க லீவுன்னீங்க. தீனா வேலையாளா வந்து நின்னுக்கினு, நைனா ஆஸ்பத்திரில கெடக்கறாரு, ஒரு நாளு லீவு வேணும் சார்னான். நான் சூப்பர்வைசரு. அவன் மூஞ்சக்கூட பாக்கல. டார்கெட் போர்டப் பாத்துக்கினு, ஒவ்வொரு வெரலா நெட்டி முறிச்சிக்கினே சொன்னேன். இப்ப பாக்கறதுக்கு ஒரு லீவு, அப்பால செத்தா ஒரு லீவா? ரெண்டுத்தியும் சேத்து ஒரேடியா எடுத்துக்கோ.

ஹாலே அதிர்ந்துச்சில்ல? நீங்கதான் ரொம்ப சிரிச்சீங்க. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சீங்க.

இப்ப வந்து, அந்த நேரத்துல எப்டிப்பா தோணிச்சி, எங்க கம்பெனி ஆண்டு விழாவுல வந்து பண்ணுன்றீங்க. தோணல சார். ஒருத்தர் வாயால கேட்டத அப்டியே சொன்னேன். சொந்தமா சொல்லலன்னு அக்காவுக்குத் தெரிஞ்சா திட்டும்.

நெட்டி முறிக்கறத ஏன் நிறுத்திட்டீங்க?

உங்க கம்பெனி ஸ்ரீசிட்டியிலதான? நீங்க சொல்லவே வேணாம். இருங்க, போவாதீங்க. கர்ச்சீப் எடுக்கறேன். மூக்குக்கு மேல இப்டிக் கட்டிக்கினு, இந்தத் தொப்பிய புருவம் வரைக்கும் இழுத்துவுட்டா... பாருங்க. நல்லா பாருங்க சார், இப்பனாச்சும் பாருங்க.

ஆங். உங்க ஃபேக்டரில நாலாவது லைன், கடைசி சீட்டு.

எங்க ஊரு நாகலாபுரத்துல நைனாவ எடுக்கற அன்னிக்கிதான் போய்ப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே, ஒரே லீவுதான் சார் எடுத்தேன்.