கயின்லி வளைவின் கறுப்பு வெள்ளைப் படம்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் அவர்களே, போலு நகரப் புகைப்படக் கழகத் தோழர்களே, தங்கள் கல்யாணப் படத்தை எடுத்துத் தந்தவருக்காகக் கண்கலங்கி நிற்கும் தம்பதியரே! எல்லோர் மீதும் சாந்தி நிலவட்டும்.

முஸெய்யன் அம்மையார் மறைந்துவிட்டார். ஆனால் அவர் வென்றவர்! வென்றவரைப் பற்றித் தலைநிமிர்ந்துதான் பேச வேண்டும்.

கழகத்தில் இரண்டு கட்சி உண்டு. இலையுதிர் காலத்தைக் கலரில்தான் எடுக்க வேண்டும் என்பது ஹிக்மத்தும் நானும் இருந்த பெரிய கட்சி. கறுப்பு வெள்ளைக் கட்சிக்குத் தலைவரும் தொண்டரும் அம்மையார் ஒருவரே!

"ஏன்க்கா, மாதுளம்பழத்தப் பொளந்து வச்ச மாதிரி மலையே செவந்து கெடக்கு. அதப் போய்ச் சாம்பலாக்கிக் கொண்டு வர்றியே, நியாயமா?" என்பார் ஹிக்மத்.

"உன் படத்துல எலை இருக்குடா. மரம் எங்க இருக்கு?" என்பார் அம்மையார்.

புதுச் சாலைக்காக மலைமேல் கயின்லி வளைவில் பீச் என்னும் காட்டு மரங்களை வெட்டப்போவதாகச் செய்தி வந்தது. "ஓரத்துல நாலஞ்சு மரந்தாங்க" என்றார் ஒப்பந்தக்காரர். ஊர் நம்பியது. அம்மையார் நம்பினாரா? ஹிக்மத்தையும் இழுத்துக்கொண்டு கேமராவோடு மலையேறினார்! ஒரே இடத்தில் நின்று இருவரும் எடுத்த படங்கள் கண்காட்சியில் அருகருகே தொங்கின.

ஹிக்மத்தின் படத்துக்கு "மாஷா அல்லா!" என்றது கூட்டம். ரொட்டிக் கடை ஷாபான் மட்டும் அடுத்த படத்தின் முன் நின்றுவிட்டார்.

"அக்கா, மரத்துக்கு மரம் கறுப்பா நம்பர் போட்டிருக்கே, என்னது?"

"அதெல்லாம் வெட்டப்போற மரம். எத்தனைன்னு நீயே எண்ணிப் பாரு."

எண்கள் சிவப்புச் சாயத்தில் எழுதப்பட்டவை. கலர்ப் படத்தில் சிவந்த இலைகளோடு இலையாய் மறைந்துபோயின. அம்மையாரோ லென்ஸின் முன் பச்சைக் கண்ணாடி மாட்டியிருந்தார். சிவப்பெல்லாம் கறுத்து, வெளிறிய மரப்பட்டையில் பளிச்சென்று தெரிந்தது. நாலைந்து மரமா அது? சரிவு முழுவதுமல்லவா!

ஹிக்மத் தன் படத்தருகே ஓடினார். "இதுலயும் இருக்குய்யா! எடுத்த நானே பாக்கலியே!"

மறுநாள் காலை ரொட்டி அடுப்பு மூட்டப்படவில்லை. ஊரே வளைவில் நின்றது. "வழிய விடுங்க" என்று ஒப்பந்தக்காரர் இரைந்தார். "நாலஞ்சு மரந்தானே? எந்த நாலுன்னு தொட்டுக் காட்டுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார் அம்மையார். ஒப்பந்தக்காரரால் காட்ட முடிந்ததா? சாலை கீழே சுற்றிப் போனது. மரங்கள் இன்றும் நிற்கின்றன!

அம்மையாரே, ஒளியில் துயிலுங்கள். எங்களுக்கு வேலை இருக்கிறது. அடுத்த பள்ளத்தாக்கில் கல்குவாரி வருகிறது என்கிறார்கள். ஞாயிறு காலை அங்கே போகிறோம். கலரிலும் எடுப்போம், கறுப்பு வெள்ளையிலும் எடுப்போம். யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள்!

அடேயப்பா... போதும், போதும், இறக்குங்கள். ஒரு பேருந்து போதாது போலிருக்கிறதே!